வண்டியைக் கண்டோம், நாயைக் காணோம்: சூப்பர் ஹீரோ நாய்த் தொடர்களைப் படைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களே, இயக்குநர்களே, தயாரிப்பாளர்களே,

குழந்தைகளுக்காகச் சாகச நாய்களை உருவாக்கி உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் நாய்கள் பறக்கின்றன, மின்னல் வேகத்தில் ஓடுகின்றன, வாகனம் ஓட்டுகின்றன, கட்டடத்தைத் தோளில் தாங்குகின்றன. அவற்றிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: மூக்கு. முகத்தின் நடுவே ஒரு கறுப்பு உருண்டையை வரைந்து வைத்திருக்கிறீர்கள் என்பது உண்மை. பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அதற்கு வேலை எதையும் நீங்கள் கொடுப்பதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொடர்களில் யாரும் யாரையும் கொல்வதில்லை. பெரியவர்களின் சூப்பர் ஹீரோ படங்களில் ஒரு நகரத்தைக் காப்பாற்றுவதற்குள் பாதி நகரம் தரைமட்டமாகிவிடும். உங்கள் நாய்களோ மரத்தில் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டிக்காகவும் தண்டவாளத்தில் நின்றுபோன ரயிலுக்காகவும் ஓடி வருகின்றன. எதிரியை வீழ்த்துவதைவிட ஆபத்தில் இருப்பவரை மீட்பதுதான் வீரம் என்று மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்வது சின்ன விஷயமல்ல. அந்த வகையில் உங்களுக்கு நன்றி. நாயகக் கூட்டத்தில் பெண் குட்டிக்கு இடம் குறைவு என்ற குறையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அது நியாயமான குறைதான், நான் அதற்குள் போகவில்லை.

என் வழக்கு வேறு. இந்த வகைக் கதைகளின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1955 மார்ச்சில் ஓர் அமெரிக்கக் காமிக்ஸ் இதழில் கிரிப்டோ என்ற நாய் முதன்முதலாக வந்தது. சூப்பர்மேனின் தந்தை தன் ராக்கெட்டைச் சோதித்துப் பார்க்க அதில் ஏற்றி அனுப்பிய வீட்டு நாய் அது. பூமியில் இறங்கியதும் அதற்கு எல்லா ஆற்றலும் வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், அதே நாயைக் கதாநாயகனாக்கிச் சின்னக் குழந்தைகளுக்கு ஓர் அனிமேஷன் தொடரும் வந்தது. இடையில் 1964இல் அண்டர்டாக் வந்தான். சாதுவாக ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும் அவன், டெலிபோன் கூண்டுக்குள் நுழைந்து வீரனாக வெளியே வருவான். பலம் குறைந்தால் மோதிரத்துக்குள் ஒளித்து வைத்திருக்கும் மாத்திரையை விழுங்குவான். 1976இல் வந்த டைனோமட் நாயே அல்ல, ஓர் இயந்திரம். 2013இல் தொடங்கிய ‘பா பட்ரோல்’ தொடரின் நாய்க்குட்டிகள் முதலில் பயிற்சியையும் கருவிகளையும் நம்பித்தான் வேலை செய்தன. 2018இல் அவற்றின் ஊரிலும் ஒரு விண்கல் விழுந்தது. சேஸுக்கு வேகம், ரபிளுக்கு வலிமை, மார்ஷலுக்கு நெருப்பு, ஸூமாவுக்கு நீர், ஸ்கைக்கு வண்டியில்லாமலே பறக்கும் திறன், ராக்கிக்கு ஒளியாலேயே கருவிகளை உண்டாக்கும் திறன் என்று வரங்கள் பங்கிடப்பட்டன.

கவனித்தீர்களா? ராக்கெட், மாத்திரை, இயந்திரம், விண்கல். ஆற்றல் எப்போதும் வெளியிலிருந்தே வருகிறது, பெரும்பாலும் வானத்திலிருந்து. ஆறு குட்டிகளுக்கு ஆறு வரங்கள் கொடுத்தபோது ஒரு குட்டிக்காவது மோப்பத்தைக் கூர்மையாக்கலாம் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சேஸ் எப்போதாவது தரையை முகர்ந்து தேடுகிறான், மறுக்கவில்லை. பின்னால் வந்த டிராக்கருக்குக் கூர்மையான காது கொடுத்தீர்கள், அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவையெல்லாம் ஊறுகாய்தான். இலையில் சோறாக இருப்பது வண்டியும் பறத்தலும்.

கிரிப்டோ காமிக்ஸில் வந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1957 நவம்பர் 3 அன்று, உண்மையிலேயே ஒரு நாயை ராக்கெட்டில் ஏற்றினார்கள். மாஸ்கோவின் தெருவில் பிடிபட்ட லைகா அது. திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு அந்த விண்கலத்தில் இல்லவே இல்லை. ஏவிய சில மணி நேரத்திலேயே அது வெப்பம் தாளாமல் இறந்துவிட்டது என்ற செய்தி 2002இல்தான் வெளியே வந்தது. நான்கு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. வானம் நாய்களுக்கு வரம் கொடுக்கும் கதையை எழுத உட்காரும்போது நீங்களாவது இதை நினைத்துப் பாருங்கள் என்கிறேன்.

இப்போது மூக்குக்கு வருகிறேன். மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 முதல் 60 லட்சம் வரை இருக்கின்றன. நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, 10 கோடியிலிருந்து 30 கோடி வரை. நாம் மூச்சு விடும் வழியிலேயே முகரவும் செய்கிறோம், ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் பிடித்த வாசனையை நாமே வெளியே தள்ளிவிடுகிறோம். நாய்க்கு உள்ளே போகும் காற்றில் ஒரு பங்கு முகர்வதற்கென்றே தனியாகப் பிரிந்து பின்பக்கம் போகிறது. வெளிவரும் காற்று மூக்குத் துளைகளின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போய்விடுவதால் புதிதாக வரும் வாசனை கலைவதில்லை. அந்தப் பிளவுகளை உங்கள் ஓவியர்கள் வரைவதே இல்லை. நாயின் முகத்தை அருகில் போய்ப் பார்த்தால் தெரியும், இருபுறமும் காற்புள்ளி போல வளைந்திருக்கும்.

நாய் காலத்தையும் முகர்கிறது என்று சொன்னால் குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அது உண்மை. சற்று முன் பதிந்த காலடியில் வாசனை அடர்த்தியாக இருக்கும், அதற்கு முன் பதிந்ததில் கொஞ்சம் மங்கியிருக்கும். நல்ல பயிற்சி பெற்ற மோப்ப நாய் வரிசையாக ஐந்து காலடிகளை முகர்ந்தே அந்த ஆள் எந்தத் திசையில் போனார் என்று சொல்லிவிடும். யார் போனார், எப்போது போனார், எந்தப் பக்கம் போனார், இப்போது எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் ஒரு தெருமுனையில் அதற்கு எழுதி வைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய வரத்தை எந்த விண்கல் கொடுத்துவிடும்?

திரையில் வாசனையைக் காட்ட முடியாது என்பீர்கள். உயிருள்ள நடிகர்களை வைத்துப் படம் எடுப்பவர் அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். நீங்கள் அனிமேஷன் செய்பவர்கள்! பாசிக்கொடிகள் எழுந்து கப்பலை இழுப்பதை வரைகிறீர்கள், காற்றில் மிதக்கும் ஒரு மணத்தை வரைய முடியாதா? புதிய தடம் பளிச்சென்று, பழைய தடம் வெளிறிப்போய். அம்மாவின் மணம் ஒரு நிறம், பயத்தின் வியர்வை இன்னொரு நிறம். மழை பெய்தால் எல்லாம் கரைந்து ஒழுகட்டும்.

ஒரு கதையே சொல்கிறேன், காசு கேட்க மாட்டேன். மூடுபனி. ஒரு சிறுவன் காட்டுக்குள் வழி தவறிவிட்டான். பறப்பவளுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. வேகமாக ஓடுபவன் எந்தப் பக்கம் ஓடுவது? வலிமைசாலி எதைத் தூக்குவது? எல்லா வரங்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன. ஒரு நாய் மட்டும் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கிறது. மனித உடலிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான நுண்ணிய தோல் துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. காற்று அவற்றை ஏந்திப் போகப் போக அகன்று விரியும். நாய் அந்த விரிவுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். ஓரத்தைத் தாண்டியதும் வாசனை அறுந்துவிடும், உடனே திரும்பும், மறுபடி பிடிக்கும், மறுபடி இழக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கொஞ்ச நேரத்தில் காற்று திசை மாறும். அதுவரை பிடித்து வைத்ததெல்லாம் போகும். அடுத்து என்ன ஆகும் என்று குழந்தை நாற்காலி நுனிக்கு வருமா, வராதா? இதில் வெடிப்பும் இல்லை, வில்லனும் இல்லை. காற்றுதான் வில்லன்.

இவ்வளவு நல்ல சரக்கு கையில் இருந்தும் ஏன் தொடாமல் விடுகிறீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரே விடை, மூக்கைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது என்பதுதான். வண்டியை விற்கலாம். முதுகில் மாட்டும் கருவிப் பையை விற்கலாம். விண்கல் விழுந்த பிறகு அதே ஆறு நாய்களையும் புதிய உடுப்பில், புதிய வண்டியில் இன்னொரு முறை விற்கலாம். நான் இட்டுக்கட்டவில்லை. ‘பா பட்ரோல்’ தொடரைத் தயாரிக்கும் ஸ்பின் மாஸ்டர் டொராண்டோவில் 1994இல் தொடங்கிய பொம்மை நிறுவனம். அண்டர்டாக்கைப் படைத்தவர்கள் ஒரு காலை உணவு நிறுவனத்தின் விளம்பரங்களைக் கவனித்துவந்த ஏஜென்சிக்காரர்கள். நாய் குரைக்கும் முன்பே கல்லாப்பெட்டி திறந்துவிடுகிறது.

கனடாவில், டொராண்டோ இருக்கும் மாகாணத்துக்குப் பக்கத்து மாகாணமான கியூபெக்கில் 13 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து வணிக விளம்பரம் செய்வதை 1980 முதலே சட்டம் தடுக்கிறது. தொடரின் நடுவே விளம்பரம் போடத்தான் தடை. தொடரே அரை மணி நேரம் வண்டிகளை வரிசையாக அணிவகுத்துக் காட்டினால் அது கதை என்ற கணக்கில் போய்விடுகிறது. பொம்மை விற்பது குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன், குழந்தைகளுக்குப் பொம்மை பிடிக்கும். பொம்மையாகாத எதுவும் கதைக்குள் வர முடியாமல் போவதுதான் குறை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பது நம் பழமொழி. உங்களிடம் அதில் பாதிதான் நடக்கிறது.

(வண்டிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லி வைக்கிறேன். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பு மங்கலான பழுப்பாகத்தான் தெரியும். நீல வண்டிக்காரன் சேஸும் மஞ்சள் வண்டிக்காரன் ரபிளும் அதிர்ஷ்டசாலிகள். பாவம் மார்ஷல், தன் தீயணைப்பு வண்டியின் அழகை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.)

அடுத்தது கீழ்ப்படிதல். உங்கள் கதைகளில் மனிதன் கட்டளையிடுவான், நாய் உற்சாகமாகத் தலையாட்டும். ‘பா பட்ரோலில்’ கட்டளையிடுபவன் பத்து வயதுச் சிறுவன். அவன் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். நாய்க்குச் சந்தேகமே வராது. நாய் என்றால் சொன்னதைச் செய்வது என்பதுதான் வீரமாகக் காட்டப்படுகிறது.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றுவிக்கும் இடத்துக்கு உங்களில் ஒருவராவது போய்ப் பாருங்கள். அந்த நாய்க்குப் போக்குவரத்து விளக்கு பார்க்கத் தெரியாது. வண்டிகளின் ஓசையைக் கேட்டு, எப்போது சாலையைக் கடக்கலாம் என்று முடிவு செய்பவர் கூட இருக்கும் மனிதர்தான். அவர் ‘நட’ என்பார், நாய் நடக்கும். ஆனால் சத்தமே இல்லாமல் ஒரு மின்சாரக் கார் திரும்பி வருகிறது என்று வையுங்கள். அவர் காதுக்கு அது எட்டவில்லை. ‘நட’ என்கிறார். நாய் நகராது. மறுபடியும் சொல்வார். அப்போதும் நகராது, தேவைப்பட்டால் குறுக்கே நின்று அவரைத் தடுக்கும். தன்னை வளர்ப்பவரின் சொல்லை, அவருடைய உயிருக்காகவே, அவர் முகத்துக்கு நேரே மீறும். இது பயிற்சியின் பிழை அல்ல, பயிற்சியின் உச்சம். எல்லாக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்துவிட்டு, எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியக் கூடாது என்பதை நாயே முடிவு செய்யும் அளவுக்கு அதைக் கொண்டுவர வேண்டும். எல்லா நாய்களாலும் இது முடியாது. முடியாத நாய்களை வேறு வேலைக்கோ வீட்டு வளர்ப்புக்கோ அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தப் பத்து வயதுச் சிறுவன் பாலத்தின் மேல் போகச் சொல்கிறான். நாய் போகவில்லை. அவனுக்குக் கோபம் வருகிறது. மற்ற குட்டிகளும் முகம் சுளிக்கின்றன. பாலத்தின் அடியில் மரம் உளுத்துப்போயிருப்பது நாய்க்கு மட்டும் தெரிகிறது, வாய் பேசத் தெரிந்தும் சொல்லி முடிக்க நேரமில்லை. அது பாதையில் குறுக்கே படுத்துக்கொள்கிறது. நம் வீட்டுக் குழந்தைகளிடம், பெரியவர்கள் சொல்வதைக் கேள் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். எப்போது கேட்கக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்க நமக்கே வார்த்தை வருவதில்லை. ஒரு நாயைக் கொண்டு நீங்கள் அதைச் சொல்லிவிட முடியும்.

உங்கள் நாய்கள் தோற்பதும் இல்லை. மெக்சிகோ கடற்படையில் பிரிடா என்றொரு லாப்ரடார் இருந்தது. 2017 செப்டம்பர் நிலநடுக்கத்தின்போது அதன் படம் உலகம் முழுக்கப் பரவியது. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு உறை, உடம்புக்குக் கவசம் என்று அசல் சூப்பர் ஹீரோ கோலம்தான், ஆனால் அலங்காரத்துக்கு அல்ல. தூசி கண்ணில் விழாமல் இருக்கக் கண்ணாடி, உடைந்த கண்ணாடிச் சில்லுகள் பாதத்தைக் கிழிக்காமல் இருக்க உறை. பணிக்காலம் முழுவதும் சேர்த்து அது உயிரோடு கண்டுபிடித்தவர்கள் 12 பேர். உங்கள் நாய்கள் 12 பேரை ஒரு வாரத்தில் காப்பாற்றிவிடும். பன்னிரண்டு என்பது எவ்வளவு பெரிய எண் என்பது இடிபாடுகளின் மேல் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் மெக்சிகோ நகரத்தில் மீட்புப் பணியாளர் ஒருவர் முஷ்டியை உயர்த்தினால் தெருவே ஊமையாகிவிடும். உள்ளிருந்து வரும் ஒரு முனகலுக்காக அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு மூச்சடக்கி நிற்பார்கள். உங்கள் தொடர்களில் பின்னணி இசை நிற்கும் நேரம் என்று ஒன்று உண்டா?

2001இல் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த இடத்தில் தேடிய நாய்களுக்கு உயிருள்ளவர்கள் கிடைப்பது நின்றுபோனது. நாய்கள் சோர்ந்துபோயின. அவற்றின் ஊக்கம் போகாமல் இருக்கப் பயிற்றுநர்கள் சக பணியாளர் ஒருவரை ஒளிந்துகொள்ளச் சொல்லி, நாய் அவரைக் கண்டுபிடிக்க விட்டார்கள். கண்டுபிடித்ததும் பாராட்டி விளையாடினார்கள். இடிபாடும் மரணமும் இல்லாமலே இதை ஒரு குழந்தைக் கதையாக்கலாம். நாள் முழுக்கத் தேடியும் தொலைந்த பொருள் கிடைக்காமல் ஒரு நாய் காதைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது, நண்பன் ஒருவன் அதற்காகவே போய் ஒளிந்துகொள்கிறான். காப்பாற்றுபவருக்கும் ஆறுதல் வேண்டும் என்பதை இதைவிட இனிமையாக எப்படிச் சொல்வது?

உடல்மொழியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது விளையாட்டல்ல. உங்கள் நாய்கள் மனிதரைப் போலப் பல் தெரியச் சிரிக்கின்றன. எந்த நேரத்தில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாலும் குழைகின்றன. உண்மை நாய் பல்லைக் காட்டினால் பெரும்பாலும் அது எச்சரிக்கை. வால் ஆடுவதெல்லாம் மகிழ்ச்சியும் அல்ல, விறைத்து நின்று மெதுவாக ஆட்டும் வாலுக்கு வேறு பொருள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் ‘என்னை விட்டுவிடு’ என்று அது கெஞ்சும் விதங்கள். கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு இறுக்கினால் பல நாய்களுக்கு மூச்சு முட்டும், பயம் வரும். வெறிநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தொடரைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கும் குழந்தை எந்த நாயையும் சேஸ் என்றே நினைக்கும். ஆகவே சேஸும் எப்போதாவது, ‘நான் சாப்பிடும்போது தொடாதே’ என்று சொல்லட்டுமே. அதனால் அவன் வீரம் குறைந்துவிடாது.

இனங்களைப் பற்றியும் சுருக்கமாக. திரையில் புகழ்பெறும் நாயினத்தை மக்கள் தேடிப்போய் வாங்குவது பத்தாண்டுகள் வரைகூடத் தொடர்கிறது என்பதை அமெரிக்கப் பதிவுகளை வைத்து ஆய்ந்தவர்கள் 2014இல் எழுதியிருக்கிறார்கள். ராக்கி கலப்பினக் குட்டி என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அவனுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுங்கள். ஒரு கிழட்டு நாயும் வரட்டும். கண் மங்கி, காது மந்தமான பிறகும் மூக்கு பெரும்பாலும் கடைசிவரை கைகொடுக்கும், கதைக்கு அது போதும்.

இவ்வளவையும் ஒரே பருவத்தில் செய்யச் சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கான கதைப் பேச்சில் மீட்பு நாயோடு வேலை செய்யும் ஒருவரையும், வழிகாட்டி நாயோடு வாழும் ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள். வரங்களை ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் விடுப்பில் அனுப்புங்கள். குட்டிகள் மூக்கைக் கொண்டு என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

பொம்மைப் பிரிவினர் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். மூன்று கிண்ணங்கள். ஒன்றின் அடியில் குழந்தை ஒரு தின்பண்டத் துண்டை ஒளித்து வைக்கும், வீட்டு நாய் முகர்ந்து கண்டுபிடிக்கும். நாய் இல்லாத வீட்டில் வாசனைப் பொருளை ஒளித்து வைத்துக் குழந்தையே கண்ணைக் கட்டிக்கொண்டு முகரலாம், தோற்றுப்போய்ச் சிரிக்கலாம். அதை நன்றாகப் பெட்டியில் போட்டு, சேஸின் படத்தையும் ஒட்டி, நீங்கள் கேட்கிற விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள். முதல் பெட்டியை நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகளோடு உட்கார்ந்து உங்கள் தொடர்களை முழுதாகப் பார்க்கும் பெரியவர்களில் ஒருத்தி